கிச்சாப் பூசிய கை

நாட்டின் விடுதலை நாளான மெர்டேக்காவுக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன், ஆகையால் நேரத்தில் சந்தேகமில்லை. காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறைதான் அக்காவின் கணவருக்குத் தையல் கடை. அத்தான் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியில் கரி பற்றவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றினார். வலது சட்டைக் கையிலும் அது சிந்தியதை அவர் கவனிக்கவில்லை. தீக்குச்சி கிழித்ததும் பெட்டியோடு கையும் எரிந்தது.

நான் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, சுற்றிலும் வெந்திருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா போத்தலோடு ஓடி வந்தார். தமிழ் வழி வந்தாலும் தலைமுறைகளாக மலாய் மட்டுமே பேசும் குடும்பம் அவருடையது.

“தாரோ கிச்சாப் டூலு”, முதலில் கிச்சாப் போடு என்று மலாயில் சொல்லிக்கொண்டே விரல் நுனி வரை ஊற்றினார். அந்தக் கறுப்புச் சோயா சாஸ்தான் தீப்புண்ணுக்கு முதல் மருந்து என்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நம்பினோம். நானும் நம்பினேன்.

பதினொரு மணிக்கு அத்தான் தெளிவாகப் பேசினார். “எரிச்சல் விட்டுருச்சு. விரலெல்லாம் மரத்த மாதிரி இருக்கு. மிச்சக் கொடியைச் சாயங்காலம் முடிச்சிடலாம்.”

“முதல்ல கஞ்சியைக் குடிங்க” என்றார் அக்கா.

வலிக்காத தீப்புண்தான் ஆழமானது என்று இரவல் வாங்கிய முதலுதவிப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியைப் பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கிருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். “இதென்ன கறுப்பு?”

“கிச்சாப், டாக்டர்.”

“வைத்தியமோ, சமையலோ?” என்றவர் கழுவச் சொன்னார். கறுப்புக்குக் கீழே விரல்கள் சாம்பல் கலந்த நீலமாக இருந்தன. இரண்டு மணி நேரமாக அந்த நீலத்தை நாங்கள் பார்க்க முடியாமல் செய்தது எங்கள் மருந்துதான். அவர் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. மணிக்கட்டில் நாடி இல்லை.

“வெந்த தோல் காய்ஞ்ச தோற்பட்டை மாதிரி. உள்ளே வீங்குது, தோல் இளகேல்லை. ரத்தம் விரலுக்குப் போக இடமில்லை. தோலை நீளமாக் கீறிவிட வேணும். பிந்தினால் விரல் போயிடும்.”

“வெந்த கையப் போயி வெட்டணுமா?” என்றார் அக்கா. “தையக்காரர் கை, டாக்டர்.”

“அதாலதான் இப்பவே எண்டுறன்.”

அக்கா என்னைப் பார்த்தார். “நீ என்னடா சொல்ற?”

“கையெழுத்துப் போடுக்கா.”

போட்டார். நான் அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கத்தியைப் பார்த்ததும் அத்தான், “அளவு எடுக்காமலே வெட்டுறீங்களே, டாக்டர்” என்றார்.

“அளவு நகத்திலை எடுத்தாச்சு.”

முழங்கைக்கு அருகில் தொடங்கி மணிக்கட்டு வரை ஒரே கோடு. வெந்த தோலில் உணர்ச்சி இல்லாததால் அத்தான் முனகக்கூட இல்லை. இறுக்கித் தைத்த தையல் பிரிந்ததுபோல் கீறலின் இரு பக்கமும் விலகின. மறுபக்கத்திலும் அப்படியே ஒரு கோடு. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பன்னிரண்டு. கட்டைவிரல் நகத்தில் முதலில் சிவப்பு ஏறியது. டாக்டர் என் விரலை எடுத்து மணிக்கட்டில் வைத்தார். நாடி துடித்தது.

மிச்சக் கொடிகளை அக்கா தைத்து முடித்தார். மெர்டேக்கா அன்று அத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். செட்டி அம்மா வந்து, தன் கிச்சாப்தானே எல்லாவற்றையும் மறைத்தது என்று அழுதார். மண்ணெண்ணெயை நீங்களா ஊற்றினீர்கள் என்று அத்தான் மலாயில் கேட்டார். வீடு திரும்பியதும் அத்தான் முதல் வேலையாகச் செட்டி அம்மாவின் கெபாயாச் சட்டையைத்தான் தைக்க எடுத்தார்.

“மூன்றாம் முயற்சியில் ஊசியில் நூல் கோத்தார், வலக்கையால்” என்று அன்றைக்கு என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் முயற்சி என்று அவர் கடைசிவரை வாதாடினார். நான் திருத்தவில்லை.