மடைக்காவலனுக்கு ஒரு காரணம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு பத்துக்கு என் மகள் எங்கள் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க்கைப் போட்டாள். நேரத்தை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அந்தச் செய்தியின் ஓரத்தில் அது இன்னும் பொடி எழுத்தில் நிற்கிறது.

“நான் பண்ணின முதல் கேம். எல்லாரும் விளையாடிப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்று எழுதியிருந்தாள். அதற்கு மேலே கோயில் பொங்கலுக்குப் பந்தல் போடுவது பற்றிய அறிவிப்பு. கீழே மேட்டூரிலிருந்து ஒரு சித்தப்பா நாள் தவறாமல் அனுப்பும் ரோஜாப்பூ.

மகள் பொறியியல் முடித்தவள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே வெளியூர் கம்பெனி ஒன்றுக்குக் கேம் படங்கள் வரைந்து கொடுக்கிறாள். இது கம்பெனிக்காகச் செய்ததில்லை. மிச்ச நேரத்தில் அவளே கதை எழுதி, வரைந்து, குரலும் கொடுத்துச் செய்தது. லிங்க்கைத் தொட்டால் போனிலேயே விளையாடலாம். ஆற்றுத் தண்ணீரை மடையில் பூட்டி வைத்திருக்கிறான் ஒருவன். மண்வெட்டியோடு ஒரு சின்னப் பெண் வாய்க்கால் வாய்க்காலாகக் கடந்து போய் அவனை வென்று, தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அவன் பெயர் மடைக்காவலன். கேமைத் திறந்ததும் இரண்டு வரிகள் வரும்: ‘மடைக்காவலன் ஏன் இப்படி ஆனான்? கடைசி மடையில் தெரியும்.’

முதல் அரை மணி நேரம் பாராட்டுத்தான். ‘சூப்பர் அம்மிணி’, ‘நம்மூட்டுப் புள்ள’ என்றெல்லாம் வந்தது. பிறகு மேட்டூர்ச் சித்தப்பா எழுதினார்:

“ஏனுங்க, அந்தக் கொம்பு வெச்ச ஆளு நம்ம கோழிப்பண்ணைக்காரரு மாதிரியே கண்ணாடி தொடைக்கறாருங்களே!”

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு அப்போதுதான் அந்தக் கேமைத் திறந்தேன். மடைக்காவலனுக்குத் தலையில் இரண்டு எருமைக் கொம்புகள். மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. தோளில் ஈரிழைத் துண்டு. நெருப்பு உமிழ்வதற்கு முன்னால் அவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். துண்டின் முனையில் நிதானமாகத் துடைக்கிறான். மாட்டிக்கொண்டு, “அப்படீங்களா?” என்று கேட்கிறான். அதற்குப் பிறகுதான் நெருப்பு.

எங்கள் பங்காளிகளில் அப்படித் துடைத்து அப்படிக் கேட்பவர் ஒருவர்தான். நான் கேமை மூடிவிட்டுக் குழுவுக்குத் திரும்பியபோது அவர் வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்திருந்தது. சிரித்தவர்கள் போட்ட முகங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார்கள். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

அவர் என் கணவருடைய பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் நிலமும் அவர் நிலமும் ஒட்டியவை, கிணறு பொது. நான்கு நாள் அவர் முறை, நான்கு நாள் எங்கள் முறை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தோம். அவர் வரவில்லை. அடுத்த மாதமே, வைகாசி வெயிலில், எங்கள் முறை நாளில் மோட்டார் ரூமுக்குத் தன் பூட்டைப் போட்டார். ஊர்ப் பெரியவர்கள் பேசித் திறக்க வைப்பதற்குள் எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில் மரவள்ளிச் செடி மொத்தமும் சுருண்டுவிட்டது. ஏன் பூட்டினார் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? நாங்கள் புது வீடு கட்டினோம், அவர் பூட்டுப் போட்டார். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். இரண்டு வரியில் முடிகிற கணக்கு இது என்று எனக்குத் தோன்றியது. விடை, பொறாமை.

இதெல்லாம் பழைய கதையாகவே போயிருக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை அடுத்த வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தோம். மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோடு. இருவரும் பேசிப் பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்திய இடம். தட்டு மாற்றும்போது பெண் வீட்டுப் பக்கம் மூத்த பங்காளி நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் நடமாட்டத்தோடு இருந்துகொண்டே வராமல் போனால் மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். சொந்தப் பங்காளியோடு ஒட்டாத வீட்டில் பெண் எடுப்பதா என்று யாராவது ஒருவர் வாயெடுத்தால் போதும். அதற்காகவே முந்தின மாதம் நானும் கணவரும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, முறையாக அழைத்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்தார். “அப்படீங்களா?” என்றார். காபி குடித்து முடித்த பிறகு, “வாரேனுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையை வாங்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கருகிய தோசையை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போனேன்.

“ஏன் புள்ள, ஊரு ஒலகத்துல வேற மூஞ்சியே கெடைக்கலியா உனக்கு?”

“அவரு அளவுக்கு அழகா யாரும் கோவப்பட மாட்டாங்கம்மா. மத்தவங்கல்லாம் கத்துவாங்க. அவரு மட்டும்தான் கண்ணாடி தொடைப்பாரு. சின்னதுலயே எனக்கு அது ரொம்பப் புடிக்கும்.”

“புடிச்சவருக்குக் கொம்பு வெப்பாங்களா?”

“வில்லன்னா கொம்பு வேண்டாமா?”

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. குழுவில் இத்தனை பேர் சிரிப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. நான் அடுத்த கேள்விக்குப் போனேன். “கடைசி மடையில என்ன காரணம் வரும்?”

“அன்னைக்குச் சொன்னதேதாம்மா” என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது, “ஒருத்தன் ஏம்மா வில்லன் ஆவான்?” என்று கேட்டிருந்தாள். என் கணவர் சூரமங்கலத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். எதற்கும் யோசிக்காமல் விலை சொல்லிப் பழகியவர். “பேராசை” என்றார் உடனே.

“அது எல்லாக் கேம்லயும் இருக்குதுங்கப்பா. கடைசி அடி அடிக்கும்போது விளையாடறவங்களுக்குக் கை கொஞ்சம் கூசோணும். அந்த மாதிரிக் காரணம் வேணும்.”

நான் மோட்டார் ரூம் கதையைச் சொல்லி, என் விடையையும் சொன்னேன். அதைத்தான் எழுதியிருந்தாள். மடைக்காவலனின் தம்பி குன்றின் மேல் ஒரு வெள்ளை மாளிகை கட்டுகிறான். இவன் மடையிலிருந்து தினமும் அண்ணாந்து பார்க்கிறான். ஒரு நாள் கண் சிவக்கிறது. அன்று இரவே கொம்பு முளைக்கிறது.

“கடைசிக் கட்டம் முடிச்சாத்தாம்மா அது வரும். அவ்வளவு தூரம் நம்ம பெரியவங்க யாரும் போக மாட்டாங்க” என்றாள்.

திங்கட்கிழமை முழுக்க அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் கணவர் செய்தார். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளி இடைவேளையில் அவருடைய மனைவியைக் கூப்பிட்டேன். அக்கா உடனே எடுத்தார்.

“அவரு யாருகிட்டயும் பேசறதே இல்ல கண்ணு. ஞாயித்துக்கெழமையிலிருந்து அந்தக் கேமைத்தான் விளையாடிட்டு இருக்கறாரு.”

“விளையாடறாருங்களா?”

“முட்டை லாரி வந்து நிக்குது, டிரைவரு கத்தறான். இவரு போனைப் புடிச்சுட்டு அந்தக் கொம்பன்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கறாரு. மூணாவது வாய்க்காலைத் தாண்ட முடியமாட்டீங்குது. ‘ஏனுங்க, உங்களை நீங்களே எதுக்கு அடிச்சுக்கறீங்க’ன்னு கேட்டேன். ‘அவன் ஏன் அப்படி ஆனான்னு கடைசில சொல்லுவாங்களாமா, அதைப் பாக்கோணும்’ங்கறாரு.”

“வெள்ளிக்கெழமை வருவாருங்களா அக்கா?”

“கேட்டனே. ‘முடிச்சுட்டுச் சொல்றேன்’ங்கறாரு.”

அதற்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் நடத்திய வகை நுண்கணிதத்தை அந்தப் பிள்ளைகள்தான் மன்னிக்க வேண்டும். என் மகளின் நிச்சயம், ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மூன்றாவது வாய்க்காலைத் தாண்டுவாரா, தாண்டி எதைப் பார்ப்பார் என்பதில் வந்து நின்றுவிட்டது.

சாயங்காலம் மாடிக்குப் போய், “காரணத்தை மாத்து. இப்பவே மாத்து” என்றேன்.

“என்னன்னு மாத்தறது?”

“யாரோ மந்திரம் போட்டுட்டாங்கன்னு போடு. சூனியம், சாபம், எதையாச்சும்.”

“அப்ப அவரு பண்ணினதுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆயிரும்மா. வெறும் பொம்மையா ஆக்கிருவோம். அது இதைவிடக் கேவலம்.”

அறை வாசலில் நின்றிருந்த கணவர், “அவன் கொழந்தை செத்துப்போச்சுன்னு போட்டுரேன். பாவமா இருக்கும்” என்றார்.

“நிச்சயத்தை வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?” என்று அவர் மேல் பாய்ந்தேன்.

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். பட்ட அவமானம், பறிபோன ராஜ்ஜியம், காதல் தோல்வி. ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தோம். கொம்பு வைத்த எவனுக்கும் பொருந்தும் காரணங்கள் அவை. கண்ணாடி துடைக்கிற மனிதருக்குப் பொருந்தவில்லை. கடைசியில் மகள், “பேசாம அவருகிட்டயே கேட்டா என்னங்கப்பா?” என்றாள். கணவர் எழுந்து கீழே போய்விட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாகக் கேட்காததை இந்த வாரம் போய்க் கேட்பதா? அவளும் பிடிவாதமாக நின்றாள். “தெரியாம மாத்துனா அது இன்னொரு பொய். நான் மாத்த மாட்டேன்.”

வியாழக்கிழமை மதியம் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. “முடிச்சுட்டாரு கண்ணு. அந்த மாளிகை, கண்ணு செவக்கறது, எல்லாம் பாத்துட்டாரு. எந்திரிச்சுக் கோழிக்குத் தீவனம் பாக்கப் போயிட்டாரு.” வருவார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். கூடம் நிறைந்துவிட்டது. மகள் மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் வாசலில். மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்க பக்கம் மூத்தவங்க யாருங்க? தட்டை எடுத்தா ஆச்சு” என்றார்.

“வந்துட்டே இருக்கறாருங்க” என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியான குரலில் நான் பொய் சொன்னதில்லை. கணவர் என்னைப் பார்க்காமல் வாசல் பந்தக்காலைப் பார்த்தார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. தாய்மாமன் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். நான் நிச்சயத் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது. கேட் திறந்துதான் இருந்தது, ஆனால் அவர் காரை உள்ளே விடவில்லை. தெருவிலேயே நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இறங்கி, அக்காவோடு நடந்து வந்தார். படியில் செருப்பைக் கழற்றினார்.

“வாங்க மாமா” என்றேன். குரல் உடைந்தது. பொய் சொன்னபோது உடையாத குரல்.

“வந்தனுங்க” என்றார். மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கும்பிட்டு, “ஒறம்பரைக்காரங்க எல்லாரும் ஒரு நிமிசம் மன்னிக்கோணுமுங்க” என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, “சாமி, இங்க வா” என்றார்.

அவள் எழுந்து போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் முனையில் துடைத்தார். கூடத்தில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

“உன் கேமை முடிச்சேன் சாமி. நல்லாத்தான் பண்ணியிருக்கறே. அந்த மூணாவது வாய்க்கால்தான் உசுர வாங்கிருச்சு.”

“எனக்கும் அதுலதானுங்க போச்சு” என்றார் மாப்பிள்ளை, தன்னை மறந்து. சிரிப்பு எழுந்து அடங்கியது.

“ஆனா காரணம் தப்பு. நான் உங்கூட்டைப் பாத்துப் பொறாமைப்படலை. என் தம்பி சேலத்துல ஊடு கட்டறான்னு பண்ணைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்னவன் நான்.”

“பின்ன ஏனுங்க பெரியப்பா?” என்று அவள் கேட்டாள். இரண்டு வருடமாக எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி.

“உங்கப்பன் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட வந்தான். பண்ணை ரோட்டுல எதுக்கால பாத்துட்டான். காரை நிறுத்துனான், இஞ்சினை அணைக்கலை. கண்ணாடிய எறக்கி, பத்திரிகைய நீட்டி, ‘வந்துருங்கண்ணா’ன்னு போயிட்டான். எறங்கலை சாமி. எதுத்த தீவன மில்லுக்காரனுக்கு எறங்கிக் குடுத்தவன், அவனைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச எனக்கு எறங்கலை.”

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் வீட்டுக்குப் போகத் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். கணவர் வந்து, “அண்ணனை வழியிலயே பாத்துக் குடுத்தாச்சு. அவரு நம்மாளுதானே” என்றார். நானும் வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

கணவர் முன்னால் வந்தார். “அண்ணா, அன்னைக்கு அவசரத்துல…”

“அது முடிஞ்சுது தம்பி. போன மாசம் வந்து, உக்காந்து கூப்பிட்டே. நானும் வந்துட்டேன். இப்ப நான் பேசறது இவகிட்ட.”

மகள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்தி, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: “அதுக்காகத் தண்ணியப் பூட்டலாமுங்களா பெரியப்பா?”

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

“பூட்டக்கூடாது” என்றார். “அதனாலதான் கொம்பு இருக்கட்டும்ங்கறேன். காரணத்தை மட்டும் மாத்து, சாமி.”