தோற்றவருக்குக் கொடுத்த பயத்தம்பணியாரம்

போன வருஷம் குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம், லண்டனில் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போய் நான் பட்ட வெட்கம் இது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். தன்னை நல்லவிதமாகச் சொல்லட்டாம், பார்ப்போம்.

லண்டனுக்குள்ளேயே எட்மண்டன் என்ற பகுதியில் இருக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர் இங்கத்தைய ஐஸ் ஹாக்கி அணியின் கோல் காப்பாளர். வெளிநாட்டுக்காரர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். என்னைக் கண்டால் கடைச் சாமான் வண்டியைப் பறித்துக்கொண்டு வீடுவரை உருட்டி வருவார். நான் தமிழில் கதைப்பேன், அவர் சிரிப்பார். எங்களுக்கு அது போதும்.

அந்த சீசன் முழுக்க அவர்களுக்குத் தோல்விதான். கடைசி ஆட்டமும் போனால் அவரை வைத்திருக்க மாட்டார்களாம், ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். கேட்டதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் வெல்வார் என்ற நம்பிக்கையில் பயத்தம்பணியாரம் சுட்டேன். பயறு வறுத்தபோது புகை அலாரம் கத்தி மருமகன் ஓடி வந்தது வேறு கதை. பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டுக்கொண்டு மகளோடு போனேன்.

உள்ளே என்ன குளிர்! சேலைக்கு மேல் மருமகனின் ஜாக்கெட். அவர்கள் அடிக்கிற கறுப்பு வட்டு என் கண்ணில் படவே இல்லை. பலகையில் இலக்கம் தெரிந்தது, எது எங்கள் பக்கம் என்றுதான் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் சனமெல்லாம் எழுந்து விடாமல் கைதட்டியது. சிலர் அழுதார்கள். சந்தோஷத்தில்தானே அழுகிறார்கள்!

மகள் பிடிக்க முன் ஆட்டக்காரர் வெளியே வரும் வாசலுக்கு இறங்கிப் போய்விட்டேன். அவர் வெளியே வந்ததும் பெருவிரலை உயர்த்திக் காட்டி, கன்னத்தைக் கிள்ளினேன்.

"வெண்டிட்டாய் ராசா! இனி உன்னை ஆர் அனுப்பிறது?"

பெட்டியைக் கையில் திணித்தேன். அவர் கண் சிவந்திருந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

"அம்மா, வாயை மூடுங்கோ! தோத்துப்போச்சினம்," என்றாள் மகள்.

"பிறகேன் சனம் கைதட்டுது?"

"கடைசி மேட்ச். போயிட்டு வாங்கோ எண்டு தட்டுகினம்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போலிருந்தது. வேலை போன மனிசனுக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன். மகள் இங்கிலிஷில் ஏதோ சமாளித்தாள். பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த பலகாரம் என்றாளாம். அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் புறப்படும் நாளன்று பெல் அடித்தது. ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தார். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ! உள்ளே அந்தக் கறுப்பு வட்டு. மகளிடம் ஏதோ சொல்ல, அவள் முகம் சுருங்கிவிட்டது.

"என்னவாம்?"

"தாங்கள் வெண்டிட்டதா நீங்கள் நினைச்சது தனக்கு அப்பவே விளங்கினதாம். அந்த இடத்தில ஒரு ஆளுக்கெண்டாலும் தாங்கள் வெண்டிருந்தவையாம்."

என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அந்த வட்டு சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போதும் எங்கே கைதட்டல் கேட்டாலும், நான் சந்தோஷப்பட முன் பக்கத்திலிருப்பவரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.