சண்டைக்கார மேடத்தின் ஆங்கில வகுப்பு

மாணவர்கள் வைத்த பேர் சண்டைக்கார மேடம். பேருக்கேற்ற ஆள்தான். ஒப்பந்த விரிவுரையாளர், ஆண்டுதோறும் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அப்படிப்பட்டவர் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டாமா? அந்தப் பழக்கம் அவருக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

பல்கலைக்கழகத்தில் புதிதாக மொழி ஆய்வகம் திறந்தார்கள். வரிசையாகக் கணினி, ஆளுக்கொரு ஹெட்போன். திரையில் வரும் ஆங்கில வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் மென்பொருளே மதிப்பெண் போடும். பிள்ளைகள் மதிப்பெண்ணை அள்ளினார்கள். ஆனால் ஒருநாள் வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கேன்டீனுக்கு வழி கேட்டபோது அத்தனை பேரும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே மென்பொருளை மூடிவிட்டு, இரண்டிரண்டு பேராக ஹெட்போன் வழியே இணைத்தார். எதிர்ப்பக்கம் யார் என்று தெரியாது.

"சண்டை போடுங்க. இங்கிலீஷ்ல மட்டும். தப்பு வந்தா வரட்டும், நிறுத்தக் கூடாது."

விடுதிக் குளியலறை, திருப்பித் தராத சார்ஜர் என்று சண்டை தூள் பறந்தது. முகம் தெரியாத தைரியத்தில், வாயே திறக்காதவர்கள்கூட வெளுத்து வாங்கினார்கள்.

வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "கையெழுத்துப் போடுற மாசம். கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இரேன்."

"அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கத்தாங்க எனக்குச் சம்பளமே."

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் வந்தார். "இது லேபா, சந்தையா? மென்பொருளை ஓட்டுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் வேற இடம் பாத்துக்கங்க."

அப்போது கடைசி வரிசையிலிருந்து எழுந்தான் ஒருவன். வகுப்பில் மௌனசாமி என்று பேர் வாங்கியவன். மெஷின் முன்னால் பயமாக இருக்கிறது, இங்கே பயமில்லை என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னான். துறைத்தலைவரும் கோபத்தில் ஆங்கிலத்திலேயே பதில் கொடுத்தார். அவன் விடவில்லை. மணி அடிக்கும்வரை இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

"பாத்தீங்களா, எப்படி எதிர்த்துப் பேசுறான்!" என்று மேடத்திடம் திரும்பினார் துறைத்தலைவர்.

"பாத்தேன் சார். இத்தனை வருஷத்துல ஒரு மாணவன் உங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசுனது இன்னிக்குத்தான்."

கையெழுத்து வரவில்லை. மேடத்துக்கு வலிக்காமல் இல்லை. அடுத்த நாள் மாலை மௌனசாமி போனில் கூப்பிட்டான். ஆங்கிலத்தில்தான். இப்போது தினமும் சாயங்காலம் சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்து, பிள்ளைகளை ஆங்கிலச் சண்டைக்கு ஜோடி சேர்த்துவிடுகிறார்.

கணவர் எட்டிப் பார்த்தார். "இப்பதான் சம்பளமே இல்லையே. இன்னும் எதுக்கு இது?"

"சம்பளத்தைத்தானேங்க நிறுத்துனாங்க," என்றார் மேடம், ஹெட்போனைக் கழற்றாமலே. "சண்டையை இல்லையே."