ஆளுக்கு இரண்டு குடம்

பெரிய மாமா நாற்பது வருடங்களாகப் பெண்களை மட்டுமே வரைந்தவர். அவர்களில் ஒருத்திகூடப் பெண்ணைப் போல இருக்கமாட்டாள். இடுப்புக்குப் பதில் முக்கோணம், முழங்கையில் ஒரு கண், கொண்டையிலிருந்து முளைத்த கால். நகரத்துக் காட்சிக்கூடங்களில் அதற்குப் பெயர் நவீன ஓவியமாம். மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் அதற்குப் பெயர் தொல்லை. விருந்தாளிகள் வந்தால் அம்மா படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். அவர்கள் இருக்கும்போதே மாமா திருப்பிவிடுவார்.

"பொம்பளைய பொம்பளை மாதிரி வரைஞ்சா என்னண்ணா?" என்று அம்மா கேட்டால், "அதைத்தான் தினம் கண்ணாடில பாக்கறியே" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு தண்ணீர்ச் சிக்கனம். வீட்டிலிருந்தே வரைந்து எடுத்துப் போகலாம். எனக்கு ஒரு வாளிகூட நேராக வராது. மாமாவிடம் சார்ட் பேப்பரைக் கொடுத்துவிட்டு விளையாடப் போனேன். வந்து பார்த்தால், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் ஐந்து பெண்கள். உடம்பெல்லாம் வளைந்து நெளிந்த கோடுகள், ஒவ்வொருத்திக்கும் இரண்டிரண்டு பெரிய வட்டங்கள். வேறு வரைய நேரமில்லை. எரிச்சலோடு மூலையில் என் பெயரை எழுதினேன்.

மறுநாள் மிஸ் அதை விரித்த வேகத்தில் சுருட்டினார். "யாரு வரைஞ்சது?"

உண்மையைச் சொன்னால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். "நான்தான் மிஸ்" என்றேன்.

"பத்து வயசுல புத்தி போற போக்கைப் பாரு!"

என்ன தப்பு என்று கேட்டேன். "அதை வேற நான் வாயால சொல்லணுமா?" என்று வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். மதியம்வரை நின்றேன்.

அம்மாவை வரவழைத்தார்கள். மிஸ் எங்கள் இருவரையும் ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, சார்ட்டைப் பாதி விரித்து, பேப்பரில் படாமல் விரலை நீட்டிக் காட்டினார். யார் கைவேலை என்று அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகம் சிவந்தது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"குடம் மிஸ்."

"என்னது?"

"தண்ணிக் குடம். எங்க தெருவுல ஆளுக்கு ரெண்டு குடம்தான் புடிக்க விடுவாங்க. நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

மிஸ் சார்ட்டைச் சுருட்டி அம்மா கையில் கொடுத்தார். என்னை வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா வெடித்தாள். "குழந்தையோட போட்டிக்குப் போய் இதையெல்லாம் வரையலாமாண்ணா? மானம் போகுது! ஏதோ குடம்னு சொல்லிச் சமாளிச்சிட்டு வந்தேன்!"

மாமா சார்ட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "குடம்தானே வரைஞ்சேன்? நீ என்னன்னு நெனச்சே?"

திறந்த வாயை அம்மா மூடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை லாரி வரிசையில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவின் காதில் எதையோ சொன்னாள். அது வரிசை முழுக்கப் போனது. தினமும் ஒரு குடத்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறவர்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஒருத்தியின் குடம் கைநழுவித் தெருவில் உருண்டது. எடுக்கக்கூட யாரும் போகவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லி என்னையும் ஒண்ணு வரையச் சொல்லுக்கா" என்றாள் ஒருத்தி.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அரை நாள் வெளியே நின்றது நான். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. "குடத்துல என்னம்மா சிரிப்பு?" என்று கத்தினேன்.

"நீ போய்ப் பல்லைத் தேய்" என்றாள் அம்மா. அதற்கும் சிரித்தார்கள்.