உப்பைக் கொட்டிய காலை

எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். கேள்வி பிறகுதான் வரும்.

தொண்ணூறுகளில் லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மேல் அறையில் லடாக்கைச் சேர்ந்த நோர்பு என்ற எஞ்சினியர் வாடகைக்கு இருந்தார். ஒரு குளிர்காலக் காலையில் பார்த்தால், பின்வளவுக் குழாய் சொட்டி, சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஐஸ். ஒரு பை உப்பைக் கொட்டி, சுடுதண்ணீரும் ஊற்றினேன்.

"குழாயைப் பூட்டத் தெரியாதோ? ஆரும் சறுக்கி விழுந்தால்?" என்று கத்தினேன்.

"அண்ணை, அதை நான்தான் கட்டினேன்," என்றார் நோர்பு, எங்களிடம் பழகிய தமிழில்.

அவருடைய ஊர் மலைமேல் பாலைவனம். பனி உருகினால்தான் விதைப்பு. இப்போது பனி குறைந்து, விதைக்கும் நேரத்தில் ஓடை காய்ந்து கிடக்கிறதாம். குளிர்காலத் தண்ணீரை நிழலில் உறையவைத்தால் அதுவரை நிற்குமா என்று அளந்து, ஊருக்கு எழுத இருந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன்ர வயலுக்கெல்லோ உப்பைப் போட்டிட்டியள்!" என்று மனைவி சிரித்தாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த உறைபனிக்கு நானே குழாயைச் சொட்டவிட்டேன். தினமும் மனைவியின் தையல் நாடாவால் ஐஸை அளந்தேன். வெயில் வந்த பிறகும் அது நின்றது. நோர்பு சிரித்தபடி கடிதம் எழுதினார்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, குழாய் ஒழுகுகிறது என்றார்.

"தெரியும். தொடாதே!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் சரியாகக் கோபப்பட்டது அன்றைக்குத்தான்.