கால் கிலோ நக்கோ

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேர் என்னை அவமானப்படுத்தினார்கள். ஒருத்தி எனக்கு வாடகை கொடுக்கிறவள், இன்னொருத்தன் நான் பெற்றவன்.

வாடகைக்காரியை முதலில் சொல்கிறேன். மாடிப் போர்ஷனில் இருக்கும் நாகர்கோவில் பெண், பெனிட்டா. இங்கே ஹைதராபாத்தில், மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டில் இருந்தே பார்க்கிறாள். எங்கள் மாடிப்படிக்கு அடியில் தெருநாய் ஒன்று நாலு குட்டி போட, அவள்தான் பால் ஊற்றி வளர்த்தாள். மூன்று குட்டி யார் யாரிடமோ போய்ச் சேர்ந்தது. ஒன்று மிச்சம். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. அதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று என் வாயால் கேட்டேன். நான் யாரிடமும் எதையும் லேசில் கேட்கிறவள் இல்லை.

அவள் உடனே கொடுக்கவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தாள். “தரலாம் ஆன்ட்டி. ஆனா இது பதினஞ்சு வருஷம் கெடக்கும். உங்களுக்குப் பொறவு யாரு பாத்துக்கிடுவா?”

பொறவாம். எனக்கு எழுபத்து மூன்று ஆகிறது, மறைக்கவில்லை. முட்டி ஒன்றுதான் மக்கர், மற்றதெல்லாம் ஓடுகிறது. என் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு எனக்குப் பிறகு என்ன என்று என்னையே கேட்கிறாள்.

மத்தியானம் குகட்பள்ளியிலிருந்து என் மகன் சேகர் சாப்பிட வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். இவனாவது பரிந்து பேசுவான் என்று நாய் விஷயத்தை எடுத்தேன். சோறு பிசைவதை நிறுத்தாமலே சொன்னான்.

“நாய் கீய்லாம் வேணாம்மா. பத்து வருஷம்கூட முழுசா இருக்காது. அது போயிடுச்சுன்னா உன்னால தாங்க முடியாது. நக்கோ செத்தப்ப பட்டது போதாதா?”

மாடியில் இருப்பவளுக்கு, நாய் இருக்கும் நான் போய்விடுவேன். கீழே சாப்பிடுகிறவனுக்கு, நாய் போய்விடும் நான் இருப்பேன். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாவது என்னிடம் வந்திருக்கலாம். நாயும் நானும் மட்டும்தான் யார் எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்க்காதவர்கள். வந்த கோபத்தில் அவனுக்கு மறுசோறு போடவில்லை. தயிரையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

கோபம் மட்டும் என்றால் அங்கேயே நின்று சண்டை போட்டிருப்பேன். அவன் நக்கோ பேரை எடுத்ததும் அடுப்படிக்குள் போய்விட்டேனே, அதற்கு வேறு காரணம் இருக்கிறது. வருகிறேன்.

அந்தக் குட்டியைக் காலையில் தூக்கியபோது அதன் வயிற்றிலிருந்து ஒரு வாசனை வந்தது. நனைந்த சாக்கும் திரிந்த பாலும் கலந்த மாதிரி. நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மூக்கில் ஏறியதும் நான் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே வரிசையில் பத்து வீடு. ஆறாவது எங்களுடையது. எங்கள் வீட்டுக்காரர், ரயில் பெட்டி ரிப்பேர் பண்ணுகிற கேரேஜ் ஷாப்பில் ஃபிட்டர்.

அங்கே நாய் வளர்க்கலாமா வேண்டாமா என்று யாரும் உட்கார்ந்து பேசிய ஞாபகம் இல்லை. இப்போது பாருங்கள், வீடு வாங்குகிற மாதிரி பேசுகிறார்கள். மாதாப்பூர் பக்கம் நாய்க்கு ஹாஸ்டல்கூட இருக்கிறதாம். எங்கள் வரிசையில் நாய் மனிதர்களைச் சேர்ந்தது இல்லை, வீட்டைச் சேர்ந்தது. டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போவார்கள். வருகிறவர்கள் அதற்குச் சோறு போடுவார்கள். எங்களிடம் வீட்டை ஒப்படைத்த அன்று கிளார்க் ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு வாசித்தார். பங்கா ஒன்று, பல்பு மூன்று, குழாய் இரண்டு, தாழ்ப்பாள் நாலு. கடைசியில் பென்சிலால் யாரோ எழுதிவைத்திருந்ததையும் அதே குரலில் வாசித்தார். “டாக் ஒன்.” சுற்றும் முற்றும் பார்த்தார். குழாயடியில் செம்மண் நிறத்தில் ஒன்று படுத்திருந்தது. டிக் போட்டுவிட்டார்.

காலி செய்துகொண்டிருந்தது ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த அம்மாள் போகிறபோது நாயைக் காட்டி என்னிடம், “தீனி பேரு நக்கோ, வதினா” என்றாள். நான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தெலுங்கில் ‘தீனி’ என்றால் ‘இதனுடைய’ என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இது தின்கிற தீனிக்குப் பேர் நக்கோ என்று எடுத்துக்கொண்டேன். பெரிய இடத்து நாய்போல, தனித் தீனி தின்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மளிகைக் கடைக்குப் போய் நிமிர்ந்து நின்று கேட்டேன். “நக்கோ கால் கிலோ.”

கடைக்கார பாய் பொட்டலம் மடிப்பதை நிறுத்தினார். “க்யா நக்கோ?”

“நக்கோதான். கால் கிலோ.”

“நக்கோ போல்தே, கால் கிலோ பீ போல்தே! வேணுமா வேணாவாம்மா?”

கடையே சிரித்தது. அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊர் உருதுவில் நக்கோ என்றால் வேண்டாம் என்று. முதலில் அந்த வீட்டில் இருந்த ரயில் கார்டு சாயபுவின் மனைவி, குட்டி பால் குண்டானில் வாய் வைக்க வரும்போதெல்லாம் “நக்கோ, நக்கோ” என்று விரட்டியிருக்கிறார். அது தன் பேர் என்று குட்டி நினைத்துவிட்டது. அதற்கப்புறம் யார் மாற்ற முடியும்? தெருவில் யார் எதை வேண்டாம் என்றாலும் வாலை ஆட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கும். காய்கறிக்காரரிடம் பேரம் படியாத வாசலில் எல்லாம் நக்கோ ஆஜர்.

நாய்க்கு ஆயுசு கம்மி என்கிறானே என் மகன், அந்த வரிசையில் ஆயுசு கம்மி எங்களுக்குத்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு ஆர்டர் வரும், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு போய்விடுவோம். நக்கோ இரண்டு குடும்பத்தை வழியனுப்பிவிட்டு மூன்றாவதாக எங்களை வைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம். சேகர் அதன் முதுகில் சாய்ந்துகொண்டுதான் வாய்ப்பாடு படித்தான்.

பிறகு மல்காஜ்கிரியில் இரண்டு அறை கட்டினோம். நான் இப்போது இருக்கிற இதே வீடு. சேகருக்கு அப்போது ஒன்பது வயது. நாயைக் கூட்டிப் போகலாம் என்று அழுதான். வீட்டோடு விட்டுவிட்டுப் போவதுதான் முறை, அடுத்த வாரமே ஆள் வரப்போகிறது என்று அவனிடமும் அக்கம்பக்கத்திலும் சொன்னேன். முறையெல்லாம் வெளியே சொன்ன காரணம். தரைக்கு மொசைக் போட்டிருந்தேன். எங்கள் வம்சத்திலேயே முதல் மொசைக். அதன்மேல் நகக் கீறல் விழக்கூடாது என்று இருந்தேன்.

சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பியதும் நக்கோ பின்னாலேயே ஓடி வந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கையை ஆட்டி, “வராத, போ! நக்கோ! நக்கோ!” என்று கத்தினேன். ஐந்து வருஷத்தில் அந்த ஊர்ப் பேச்சு என் வாயிலும் ஏறியிருந்தது. வேண்டாம் என்றுதான் கத்தினேன். அதற்கு அது பேர். நான் கத்தக் கத்த காதை மடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி வந்தது.

“கூப்டுக்கினே தொரத்துறியேடி,” என்றார் எங்கள் வீட்டுக்காரர். ரயில்வே கேட்டை நாங்கள் தாண்டியதும் அடைத்துவிட்டார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று நிதானமாகப் போயிற்று. நக்கோ அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

அடுத்த ஆள் வரவே இல்லை. சுவர் விரிசல், இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவர் ஷாப்பில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். தூக்குச் சட்டியில் சோறு போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். பூட்டிய கதவை ஒட்டிப் படுத்திருந்தது. இளைத்திருந்தது. பத்து வயது இருக்கும் அதற்கு. குழாயடிச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கூப்பிட்டால் என் பின்னால் வந்துவிடும். வராதே என்றாலும் வந்துவிடும். எனக்கு அதனிடம் சொல்ல வேறு வார்த்தை இல்லை. மொசைக் தரை மட்டும் கண் முன்னால் வந்து வந்து போயிற்று. சட்டியைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

வாசலில் நின்ற சேகரிடம், “அது செத்துப் போச்சுடா,” என்றேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை பிள்ளை. மூன்றாம் நாள் சாப்பிட்டான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முப்பத்து மூன்று வருஷமாக அந்தச் சாவை அவன் வைத்துக்கொண்டிருந்ததும், ஆசைப்பட்ட தன் பெண்ணுக்குக்கூட நாய் கூடாது என்று சொன்னதும், நான் கொளுத்திப் போட்டது. என்மேல் அக்கறைப்பட்டவனுக்குத் தயிரை ஒளித்துவைத்தவளும் நானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கை கழுவியதும் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டான்.

“அப்ப அது சாகலியா?”

“அன்னிக்குச் சாவல.”

“எப்பதான் செத்துச்சு?”

“தெரியாதுடா. மறுபடி நான் போவல.”

“என்னா பொம்பளம்மா நீ!” என்றான். பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா என்று எனக்குக்கூடச் சுர்ரென்று வந்தது. அதற்குள் அவன் செருப்பை மாட்டினான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று பார்த்தால் கார்க் கதவைத் திறந்து, “ஏறு” என்றான்.

கார் செகந்திராபாத் பக்கம் திரும்பியது. ஸ்டேஷனைத் தாண்டும்போது, “அந்த மேல்வீட்டுப் பொண்ணுகிட்ட என் பேரச் சொல்லு. உனக்கு அப்புறம் நான் பாத்துக்குறேன். ஆனா அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆனதச் சொல்லு, ஆவாததச் சொல்லாத” என்றான்.

“சொல்றேன்,” என்றேன். என் மகனிடம் நான் தலை குனிந்து பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

இறங்கிப் பார்த்தால் அங்கே வரிசை இல்லை. குழாய் இல்லை, குழாயடிச் சுவர் இல்லை, ரயில்வே கேட் இருந்த இடத்தில் மேம்பாலம். தரை முழுக்க சிமெண்டு பூசி, தகரக் கூரை போட்டு, ஸ்டேஷனுக்கு வருகிறவர்களின் பைக்கும் ஸ்கூட்டரும் நூற்றுக்கணக்கில் நின்றன. பத்துக் குடும்பம் மாறி மாறிச் சமைத்துச் சாப்பிட்ட இடத்தில் அடையாளத்துக்கு ஒரு செங்கல்லை விட்டுவைக்கத் தோன்றவில்லை யாருக்கும். சேகர் மூலையிலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்து, “இங்கதாம்மா நம்ம கதவு” என்றான். அது நாலாம் வீடு, இன்னும் தள்ளிப் போ என்றேன். அவன் இல்லை என்றான். நான் போய் என் இடத்தில் நின்றேன். அவன் அவன் இடத்தில் நின்றான். நக்கோ எந்த இடத்தில் படுத்திருந்தது என்று எங்கள் இரண்டு பேராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. ஹெல்மெட் போட்ட ஒரு பையன், வண்டியை எடுக்க வழி கேட்டு, “ஜரகண்டி அம்மா” என்றான்.

என் வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து.

நகர்ந்து கொடுத்தேன்.