வாசலில் அறைந்த செம்புத் தகடு

எங்கள் அண்ணனுக்கு இருந்தது வியாதி என்று வீட்டுக்குப் புரியப் பல வருடம் ஆனது. குற்றம் எங்கள் தொழில் மேல்தான். சிவகாசிப் பக்கம் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி. வெடிமருந்து கலக்கும் அறைக்குள் கால் வைக்கும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டை எல்லோரும் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். மற்றவர்கள் ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். அண்ணன் தொட்டான், திரும்பி வந்து தொட்டான், சந்தேகம் தீராமல் மறுபடியும் தொட்டான். அப்பாவுக்கு ஒரே பெருமை. இப்படிக் கவனமான பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று விருதுநகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்தால் முதல் மாதமே டாக்டரிடம் போயிருப்போம்.

அவனுக்கு மகள் பிறந்த பிறகுதான் பெருமை வடிந்தது. தன் கையில் ஒட்டிய மருந்துத் தூள் பட்டுப் பிள்ளை எரிந்துபோகும் என்று ஒரு பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஆகாது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் கை சோப்பை விடாது. தோல் உரியும் வரை கழுவினான். கம்பெனிக்குப் போவது நின்றது. பிள்ளையைத் தூக்கவே இல்லை. அவள் தவழ்ந்து வந்தால் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். மதினி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மாத்திரைகள் மாறின, டாக்டர்கள் மாறினார்கள், அம்மா நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. வெளியூர்ப் பெரிய டாக்டர் ஒருவர், எந்த மருந்துக்கும் கேட்காத வெகு சிலருக்கு மட்டும் செய்துபார்க்கிற சிகிச்சை ஒன்று உண்டு என்றார். மூளைக்குள் ஆழமாக மெல்லிய கம்பி, நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரி, விடாமல் சின்னச் சின்ன மின்துடிப்பு. கேட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மின்சாரத்தை உடம்பிலிருந்து இறக்கியே பிழைத்த குடும்பம் எங்களுடையது. இவரோ உள்ளே ஏற்றுகிறேன் என்கிறார்.

அண்ணன்தான் சம்மதித்தான். "புள்ளையத் தூக்கணும்ப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

ஆபரேஷனில் கொஞ்ச நேரம் அவனை விழிக்க வைத்திருந்தார்களாம். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, அறைக் கதவைச் சரியாகச் சாத்தினீர்களா என்று கேட்டிருக்கிறான். உடனே எதுவும் மாறவில்லை. மாதக்கணக்கில் போய்ப் போய் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். மெல்லக் கை சோப்பை விட்டது. பிறகு ஒருநாள் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, இன்றைக்கு வந்து மகளைத் தூக்கப்போகிறேன் என்று போனில் சொன்னான்.

இங்கேதான் அப்பா தன் வேலையைக் காட்டினார். கரண்ட் ஓடுகிற நெஞ்சில் பேத்தியை எப்படிச் சாய்ப்பது? அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கம்பெனி ஆளை வரவழைத்து, வீட்டு வாசல் நிலையருகே ஒரு செம்புத் தகட்டை அறைந்து, தரைக்குக் கம்பியும் இறக்கிவிட்டார். எதிலிருந்து மகனை மீட்க ஊர் ஊராக அலைந்தாரோ, அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். மதினி தலையில் கை வைத்துக்கொண்டாள். நானும் அம்மாவும் சண்டை போட்டுப் பார்த்தோம், அவர் அசையவில்லை.

அண்ணன் வந்தான். தகட்டைப் பார்த்து நின்றான்.

"ஏலே, ஒருக்கத் தொட்டுட்டு வா. புள்ளைக்கு ஆவாது" என்றார் அப்பா.

பிள்ளைக்கு என்றதும் அவன் கை எழுந்தது. ஒரு தடவை தொட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். தகட்டருகே போன கை அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது.

"டாக்டர் ஒண்ணும் செய்யாதுன்னுட்டாருப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தான்.

நேராகப் போய் மகளைத் தூக்கினான். எதுவும் வெடிக்கவில்லை. அப்பா மட்டும் தள்ளியே நின்றார். எங்களுக்கெல்லாம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் பிள்ளை விறைத்துப்போயிருந்தாள். நாலு வயது ஆகியும், தன் அப்பா தூக்கினால் கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டையும் தொங்கவிட்டிருந்தாள்.

மதினி கிட்டே வந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கழுத்தைச் சுற்றி வைத்தாள். "இப்படிப் பிடிச்சுக்கிடணும் தாயி" என்றாள்.